முழக்கத்துக்கு முன்னம் முடிய வேண்டியது

எங்கள் வீட்டில் முழக்கத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. தூரத்தில் கடலுக்கு மேலே வானம் ஒருதரம் செருமினாலே போதும், அம்மா கதிரையை விட்டு எழும்பிவிடுவார். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, கணினி, கைபேசியின் சார்ஜர் என்று சுவரில் செருகியிருக்கும் அத்தனையையும் கழற்றிப் போடுவார். அலுமாரிக் கண்ணாடியைப் பழைய சேலையால் மூடுவார். குருத்து ஞாயிறன்று மாதா கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளிச் சிரட்டையில் போட்டுக் கொளுத்துவார். அந்தப் புகை மணம் வந்துவிட்டால் இனி ஒருவரும் இரும்பைத் தொடக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது, வாசலில் நின்று புதினம் பார்க்கக்கூடாது. மழை ஓய்ந்து தவளை கத்தத் தொடங்கிய பிறகுதான் பிளக்குகள் திரும்பச் சுவருக்குப் போகும்.

இதை வெறும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிரித்துத் தள்ள என்னால் முடிவதில்லை. நெடுந்தீவு வெட்டை நிலம். இடி இறங்குவதற்கு இடம் தேடினால் பனைகளும் நாங்களும்தான் அகப்படுவோம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வளவுப் பனை ஒன்றில் இடி விழுந்தது. அதன் கீழே கட்டியிருந்த பசு நின்ற நிலையிலேயே சரிந்து செத்தது. வீட்டுக்குள் தொலைக்காட்சி பட்டென்று வெடித்துக் கறுப்புப் புகை கக்கியது. அப்பா இறந்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பசுவுக்காக அழுத அளவுக்கு அம்மா அப்பாவுக்காக அழவில்லை என்று ஊரில் கதைத்தார்கள். ஊர் எதைத்தான் கதைக்கவில்லை? அம்மா அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதார் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டில், ஐப்பசி மாதத்துப் பின்னேரம் ஒன்றில், முழக்கம் தொடங்கிய பிறகும் ஒரு பிளக் சுவரில் இருந்தது. அந்தப் பிளக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் என் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் வெளிநாட்டில் வேலை செய்பவர். கலியாணத்துக்காக விடுமுறையில் வந்தார், எங்கள் வீட்டில் சில கிழமைகள் இருந்தார், திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் குடும்பம் நடத்தியது தொலைபேசியில்தான். என்னை அங்கே கூப்பிடுவதற்கு அவர் போட்ட விண்ணப்பம் முதல்தரம் திரும்பி வந்தது. அனுப்பிய படங்களெல்லாம் கோயிலில் மாலையோடு நிற்கும் படங்களாம். அதற்குப் பிறகு புருசனும் பெண்சாதியுமாக வாழ்ந்ததற்கு ஆதாரம் காணாதாம். கேட்டபோது எனக்கு உச்சி கொதித்தது. மாலை போட்டது போதாது, ஒரு வீட்டில் ஒன்றாக இருந்து சாப்பிட்டதையும் காட்டு என்றால் என்ன நியாயம்? பிறகு ஆறியிருந்து யோசித்தபோது அவர்களிலும் முழுக்கப் பிழை சொல்ல முடியவில்லை. படத்துக்காக மட்டும் மாலை போடுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்தான்.

இரண்டாம் தரம் கொழும்பிலிருக்கும் தூதரகத்தில் நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு நான் அந்த ஐப்பசிப் பின்னேரத்துக்கு மறுநாள் காலைப் படகைப் பிடித்தாக வேண்டும். குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் யாழ்ப்பாணம் போய், அங்கே ஒரு கடையில் படங்களை அச்சடித்துக்கொண்டு, கொழும்பு பேருந்தில் ஏற வேண்டும். இதுவும் தவறினால் இன்னொரு தரம் என்று ஒன்று கிடைக்குமோ தெரியாது என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் அதை மெல்லிய குரலில் சொன்னதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

ஒன்றாக இருந்து சாப்பிட்ட படங்கள் எங்களிடம் இருந்தன. அவர் கிணற்றில் வாளியை விட்டுவிட்டுத் திருதிருவென்று முழிக்கும் படம். குசினியில் தேங்காய் துருவத் தெரியாமல் துருவும் அவரை நான் அகப்பையோடு நின்று ஏசும் படம். மாட்டுக் கன்று அவருடைய சாரத்தைக் கடித்து இழுக்க, நான் உதவிக்குப் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். எல்லாம் அம்மா எடுத்தவை. எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று அவர்தான் தன் கமராவை அம்மாவின் கையில் கொடுத்துக் காட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா எங்களை விடவில்லை. அம்மா எடுத்த ஒரு படத்தில் எனக்குத் தலை இல்லை, இன்னொன்றில் அவருக்கு இல்லை, பலவற்றின் மூலையில் அம்மாவின் விரல் பெரிதாக விழுந்திருக்கும். ஆனால் பொய்க்கு நின்று எடுத்த படங்கள் என்று அவற்றைப் பார்த்து உலகத்தில் எந்த அதிகாரியும் சொல்லமாட்டார்.

அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. புறப்படுவதற்கு முன் அவர் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக் கணினியில் இறக்கிவிட்டு, வழியில் படம் எடுக்க இடம் வேண்டும் என்று கமராவைக் காலியாக்கிக்கொண்டு போய்விட்டார். கணினியும் அவர் வாங்கித் தந்ததுதான். யாழ்ப்பாணத்தில் பழையதாக வாங்கி, படகில் கடல் தண்ணீர் தெறிக்காமல் தன் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மின்சாரம் நின்றால் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் பற்றரிப் பெட்டி ஒன்றும் கூட வந்தது. உப்புக்காற்றில் அது முதல் மாரியிலேயே செத்துப் போயிற்று. சுவரில் பிளக் செருகும் துளைகளும் தளர்ந்திருந்தன. பிளக் தன் பாரத்திலேயே தலை குனிந்து விழப் பார்க்கும். அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சின்ன முக்காலி, முக்காலிக்கு மேல் ஒரு கல்லு, கல்லுக்கு மேல் மடித்த மட்டை. வீட்டுக்குள் யாராவது பலமாக நடந்தால் கணினி அணைந்துவிடும். நாங்கள் மெல்ல நடக்கப் பழகியிருந்தோம்.

அன்று காலையில் படங்களைப் பென்டிரைவில் ஏற்ற உட்கார்ந்தேன். முதல் சில படங்கள் போயின. பிறகு கணினி அப்படியே உறைந்துவிட்டது. மவுஸை அசைத்தேன், விசைகளைத் தட்டினேன், கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தேன். திரும்ப இயக்கினால் திரும்பவும் அதே இடத்தில் நின்றது. கணவரை அழைத்தேன். அங்கே அவருக்கு இன்னும் விடிந்திருக்கவில்லை.

"டிஸ்க் நிரம்பிப் போச்சு. உள்ளுக்கை எல்லாம் துண்டு துண்டாச் சிதறிக் கிடக்கு, அதுதான் இழுபடுது," என்றார் நித்திரைக் குரலில். "டிஃப்ராக் எண்டு ஒண்டு இருக்கு. அதை ஓட விடும். சிதறினதை எல்லாம் பொறுக்கி ஒழுங்கா அடுக்கும். பேந்து கொப்பி பண்ணிப் பாரும்."

"படங்களுக்கு ஒண்டும் நடக்காதே?"

"ஒண்டும் நடக்காது. நீர் பயப்பிடாதையும்."

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிப் பொத்தானையும் அமத்தினேன். அது ஓடத் தொடங்கியது. அப்போதுதான் அவர், "ஆனா இடையிலை நூராமல் பாத்துக்கொள்ளும். இடையிலை நிண்டால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் வடிவாத் தெரியேல்லை," என்றார்.

அந்த "ஆனா"வை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன். திரையில் நிறுத்துவதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினாலும் இடையில் நிற்பதுதானே என்று அதற்கும் பயந்தேன். நல்ல உபகாரம் செய்தீர்கள் என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கும் மனிதரோடு சண்டை பிடிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், எங்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

திரையில் ஒரு நீளப் பட்டி. அதற்குள் சிவப்பும் நீலமும் பச்சையும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள். சிவப்பென்றால் சிதறிக் கிடப்பது, நீலமென்றால் ஒழுங்காக இருப்பது என்று கீழே எழுதியிருந்தது. மூலையில் நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்ற கணக்கு. எங்கள் பட்டியில் பெரும்பகுதி சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் எந்தக் கோடு கிணற்றடி, எந்தக் கோடு குசினி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தலை ஒரு கோட்டிலும் உடம்பு வேறொரு கோட்டிலும் கிடக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது.

வீதம் மூன்றில் நின்றது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன், மூன்று. மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பார்த்தேன், மூன்று. கணினிப் பெட்டிக்குள் கறக் கறக் என்று எதுவோ சுரண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்தால் வேலை நடக்கிறது என்று ஒரு தைரியம், சத்தம் நின்றால் நெஞ்சு நின்றுவிடும். பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். நான் காதை வைத்திருக்கும்போது அது ஒருதரம் நின்றது. நான் மூச்சு விடவில்லை. பிறகு திரும்பச் சுரண்டத் தொடங்கியது. எழும்பிப் பார்த்தால் நான்கு.

அம்மா அந்தப் பக்கத்தால் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வேகேல்லையோ?"

"இல்லை."

"முகத்தை நீட்டிக்கொண்டு முன்னாலை இருந்தா அது கெதியா வேகுமே? வந்து சாப்பிடு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்து வைத்துவிட்டு எழும்பினேன். இருபதைத் தாண்டியிருந்தது. பிறகு விறுவிறென்று முப்பது, முப்பத்தைந்து. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கைபேசியில் கணவருக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு அது முப்பத்தைந்திலேயே குந்திக்கொண்டது. கண்ணூறு பட்டுவிட்டது என்று, படித்த நான், உண்மையிலேயே நினைத்தேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. நான் போவது அம்மாவுக்கு விருப்பமில்லை. வாயால் சொன்னதில்லை. அப்பாவும் இல்லை, எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. நான் போனால் அந்த வீட்டில் அம்மாவும் மாடும் கன்றும்தான். பால் கறக்கும்போது எனக்குக் கேட்கட்டும் என்று மாட்டிடம் கதைப்பார். "உனக்கு நான், எனக்கு நீ, வேறை ஆர் இருக்கினம்?" என்பார். மாடு அசை போட்டுக்கொண்டு நிற்கும். முதல்தரம் விண்ணப்பம் திரும்பி வந்த அன்று அம்மா நண்டு வாங்கிக் கறி வைத்தார். எனக்கு நண்டென்றால் உயிர். எனக்கு ஆறுதலாக வைத்ததோ தனக்குச் சந்தோசமாக வைத்ததோ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயம். இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மத்தியானம் திரும்பியபோது வீட்டுக்குள் வெக்கை பிடித்தது. வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. தெற்குப் பக்கம் கடலுக்கு மேல் வானம் அடிச்சட்டி மாதிரிக் கறுத்து வந்தது. நான் யன்னலைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஐம்பது. கறுப்பு இன்னும் கடலுக்கு மேல்தான் நிற்கிறது. ஐம்பத்தெட்டு. கறுப்பு கரைக்கு வந்துவிட்டது. எண்ணெயில் ஓடும் எந்திரங்கள்தான் எங்கள் தீவுக்கு மின்சாரம் தருபவை. கடும் மின்னலென்றால் அவற்றை நிறுத்தி வைப்பதும் உண்டு. மாதாவே, இன்றைக்கு மட்டும் அங்கே இருக்கிறவர்களுக்கு அந்த யோசனை வரக்கூடாது என்று நேர்ந்தேன். எந்தக் கோயிலுக்கு எத்தனை மெழுகுதிரி என்றுகூடச் சொல்லி நேர்ந்தேன்.

அறுபதைத் தாண்டியபோது முதல் முழக்கம் கேட்டது. பெரிதாக இல்லை, தூரத்தில் யாரோ வெறும் பீப்பாவை உருட்டிய மாதிரி. குசினிக்குள் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டார்.

"பிள்ளை, முழங்குது. கழட்டு."

"இப்ப ஏலாது அம்மா."

"என்ன ஏலாது? எழும்பு, நான் கழட்டுறன்."

நான் எழும்பிப் பிளக்குக்கு முன்னால் போய் நின்றேன். "கழட்டினா படமெல்லாம் போயிடும்."

"கழட்டாட்டி நீயும் போயிடுவாய், வீடும் போயிடும். பனை எரிஞ்சது மறந்து போச்சோ? கண்டறியாத கொம்பியூட்டர்!"

"படம் போனா என்ரை பயணமும் போச்சு. அதுதானே உங்களுக்கும் விருப்பம்?"

அம்மா என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தொலைக்காட்சியைக் கழற்றினார். குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றினார். விளக்குகளின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அமத்தினார். சேலையை எடுத்துக் கண்ணாடியை மூடினார். ஒவ்வொன்றையும் வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார். எனக்குக் கோபம் போகவில்லை. மௌனமாக இருந்தால் நான் சொன்னது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மாடு கத்தியது. வளவுக்கு வெளியே, கல்வேலிக்கு அப்பால், வெட்டையில்தான் அதைக் கட்டியிருந்தோம். கன்றும் கூட நின்றது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், காற்று மழைக்குள் மாட்டை இழுத்துக்கொண்டு வர முடியாது. நான்தான் போக வேண்டும்.

"நான் வரும்வரைக்கும் இதைத் தொடமாட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"போய் மாட்டைக் கொண்டு வா," என்றார் அம்மா.

அது வாக்கல்ல. அது எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. ஆனால் மாடு இன்னொருதரம் கத்தியது. அறுபத்தாறு என்று மூலையில் பார்த்துவிட்டு ஓடினேன்.

படலையைத் திறந்ததும் காற்று எடுத்தது. முகத்தில் மணல் அடித்தது. வெட்டைக்குப் பாதி தூரம் போவதற்குள் பெருந்துளிகள் விழத் தொடங்கின. மாடு மிரண்டு கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு இறுகிப் போயிருந்தது. நனைந்த முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. மின்னல் வெட்டும், மனதுக்குள் எண்ணுவேன், முழங்கும். ஒவ்வொரு தரமும் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது. பக்கத்தில் வருகிறது என்று அர்த்தம். வெட்டையில் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், கையில் ஈரக் கயிறு. நியாயமாகப் பார்த்தால் நான் என் உயிருக்குப் பயந்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணுக்குள் நின்றது அம்மாவின் கை. அது பிளக்குக்குப் போகிறது, இழுக்கிறது, திரை கறுக்கிறது. முடிச்சோடு போராடிய நேரம் முழுக்க இதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முடிச்சு அவிழ்ந்ததும் கன்று வேறு திசைக்கு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்து, மாட்டை இழுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவற்றை அடுக்கினேன். அந்த நண்டுக்கறியையும் விடவில்லை. நான் இங்கேயே கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டு கிழவியாகிறேன், இப்போது சந்தோசமா என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, நான் அழுதுகொண்டிருந்தேன், மாடு என்னை இழுத்ததோ நான் மாட்டை இழுத்தேனோ தெரியாது. கொட்டிலில் கட்டிவிட்டுத் திரும்பினால், வீடு முழுக்க இருட்டு. அந்தப் பக்கத்து யன்னல் ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. ஓலைப் புகை மணம் வாசல்வரை வந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஈரத்தோடு உள்ளே பாய்ந்தேன். அறைக் கதவைத் தள்ளினேன்.

திரை எரிந்துகொண்டிருந்தது. எண்பத்திரண்டு. பட்டியில் சிவப்பு நூல் நூலாகத்தான் மிச்சம் இருந்தது. பெட்டி கறக் கறக் என்று சுரண்டிக்கொண்டிருந்தது. கதிரையில் அம்மா இல்லை. "அம்மா!" என்று கத்தினேன்.

"கத்தாதை, இஞ்சைதான் இருக்கிறன்," என்று மேசைக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அம்மா சுவரோடு ஒட்டி, குசினிப் பலகையைப் போட்டு அதில் குந்தியிருந்தார். மடக்க முடியாத முழங்காலை எப்படி மடக்கினார் என்று தெரியவில்லை. காலில் இறப்பர் செருப்பு. ஒரு கையில் செபமாலை. மற்றக் கையில் காய்ந்த துவாயைச் சுற்றி, பிளக்கைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முக்காலி சரிந்து கிடந்தது, கல்லு அறை நடுவில் கிடந்தது. பக்கத்தில் சிரட்டையில் ஓலை புகைந்துகொண்டிருந்தது. கண்களை இறுக்கி மூடியிருந்தார்.

"காத்துக்குக் கதவு அடிச்ச அடியிலை கல்லு விழுந்து போச்சு," என்றார் கண்ணைத் திறக்காமலே. "பிளக் தலையைத் தொங்கப் போட்டுது. விழமுந்திப் பிடிச்சிட்டன்."

படங்கள் தப்பின. அம்மாவின் விரல்கள் மூலையில் விழுந்த படங்களைத்தான் நேர்முகத்தில் அதிகாரி மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்தார். நான் இப்போது இருக்கும் ஊரில் வருடத்தில் பாதி நாள் பனி, முழக்கம் எப்போதாவதுதான் கேட்கும். இங்கே வந்த பிறகு, விசயம் தெரிந்த ஒருவரிடம் அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்த டிஃப்ராக் ஒவ்வொரு துண்டையும் புது இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடுமாம், இடையில் மின்சாரம் நின்றிருந்தாலும் அனேகமாக ஒரு படமும் போயிருக்காதாம். நான் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. ஐப்பசி வந்தால் ஒவ்வொரு நாளும் அழைத்து, அங்கே முழங்குகிறதா என்று கேட்கிறேன். "ஓம், எல்லாம் கழட்டிப் போட்டன்," என்பார். அயலில் ஒரு பிள்ளையைத் துணைக்கு வைத்திருக்கிறோம், மாட்டை விற்றாயிற்று.

ஆனால் எனக்கு அந்த அறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. யன்னலில் மின்னல் வெட்டியது. எண்ண நேரமில்லை, அதோடு சேர்ந்தே முழங்கியது, ஓடுகள் அதிர்ந்தன. அம்மாவின் தோள் தூக்கிப் போட்டது. பிளக்கைப் பிடித்த கை அசையவில்லை. செபம் சொல்லிக்கொண்டிருந்த வாய் மட்டும் நின்றது.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டார். "கையை எடுக்கலாமோ?"

எடுங்கோ அம்மா, படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

"ஓம்," என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.